உறைபனியில் குப்பை வண்டி வராத நாட்கள்: காரணமும் நம் கடமையும்





லண்டனில் குளிர்காலம் வந்து, இரண்டு மூன்று நாட்கள் சேர்ந்தாற்போல் உறைபனி பிடித்துவிட்டால், நம் அறக்கட்டளைக்கு ஒரே கேள்வி பல வீடுகளிலிருந்தும் வரும். "பெரிய ரோட்டில் பஸ் ஓடுகிறது. கடைக்குச் சாமான் வண்டி வருகிறது. குப்பை வண்டி மட்டும் ஏன் வரவில்லை? நாம் கவுன்சில் வரி கட்டவில்லையா?"

கேள்வி நியாயமானதுதான். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இரண்டு வார நாப்பிகள் சேர்ந்துவிடும். கூட்டுக் குடும்பமாக ஏழெட்டுப் பேர் இருக்கும் வீட்டில் தொட்டி மூன்றாம் நாளே நிறைந்துவிடும். மாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கோ பைகளை வைக்கவே இடமில்லை. எரிச்சல் வருவது இயல்பு.

ஆனால் வண்டி வராமல் போவதற்குப் பின்னால் இருக்கும் காரணங்களை அறிந்துகொண்டால் பாதி எரிச்சல் குறையும். மீதிப் பாதி, அந்த நாட்களில் நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. வண்டி வராத வாரத்தில் நம் வாசலில் தேங்கும் குப்பையும் பனியும் நம் வீட்டோடு நிற்பதில்லை. இருட்டோடு பஜ்ரு தொழுகைக்கு நடந்து வரும் பெரியவர், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிச் செல்லும் தாய், பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் மூதாட்டி ஆகியோரையும் அது பாதிக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் காரணத்தையும் கடமையையும் சேர்த்தே விளக்குகிறோம்.

பெரிய சாலை வேறு, நம் தெரு வேறு

சாலையில் பனியாலும் உறைபனியாலும் ஆபத்து நேராமல், இயன்ற அளவு பார்த்துக்கொள்வது சாலைக்குப் பொறுப்பான அதிகாரத்தின் கடமை என்று 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் சொல்கிறது. இந்தப் பிரிவு 2003இல் நிறைவேறிய ஒரு சட்டத்தின் மூலம் அதில் சேர்க்கப்பட்டது. இதில் "இயன்ற அளவு" என்பதுதான் முக்கியமான சொல். எல்லாத் தெருவிலும் ஒரே இரவில் உப்புத் தூவ எந்தக் கவுன்சிலிடமும் ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. அதனால் வரிசை வைத்துக்கொள்கிறார்கள்.

லண்டனில் சிவப்புக் கோடு போட்ட முக்கியச் சாலைகள் 'டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன்' அமைப்பின் பொறுப்பில் இருக்கின்றன. நகரத்தின் மொத்தச் சாலை நீளத்தில் இவை 5 சதவீதம்தான். ஆனால் போக்குவரத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் இவற்றின் வழியாகவே நடக்கிறது. மற்றச் சாலைகள் 32 பரோ கவுன்சில்களின் பொறுப்பிலும், சிட்டி பகுதியில் அதன் தனி நிர்வாகத்தின் பொறுப்பிலும் இருக்கின்றன. கவுன்சில்கள் பொதுவாகப் பஸ் போகும் வழி, மருத்துவமனைக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் போகும் வழி, செங்குத்தான ஏற்றம் ஆகியவற்றுக்கே முதலில் உப்புத் தூவும். வீடுகள் மட்டும் இருக்கும் கிளைத் தெருக்கள் கடைசியில்தான் வரும். பல தெருக்களுக்கு முறை வராமலே பனி உருகிவிடுவதும் உண்டு.

உப்பு வேலை செய்யும் விதத்தையும் அறிந்துகொள்வது நல்லது. சாலையில் தூவுவது பாறை உப்பு. செஷயர் மாவட்டத்தில் வின்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் நிலத்துக்கடியில் உள்ள சுரங்கத்தில் 1844 முதல் இந்த உப்பை வெட்டி எடுக்கிறார்கள். உப்பு கலந்த நீர், வெறும் நீரைவிட அதிகக் குளிரில்தான் உறையும். அதுதான் இதன் பயன். ஆனால் உப்புக் கல் சாலையில் கிடந்தால் மட்டும் போதாது. அது ஈரத்தில் கரைய வேண்டும்; வண்டிச் சக்கரங்கள் அதை நசுக்கிப் பரப்ப வேண்டும். பெரிய சாலையில் ஆயிரக்கணக்கான சக்கரங்கள் ஏறி இறங்குவதால் உப்பு விரைவில் வேலை செய்கிறது. நம் தெருவில் விடிவதற்குள் நாலைந்து கார்கள் போனால் பெரிது. அதனால் உப்புத் தூவினாலும் அங்கே பனிக்கட்டி நெடுநேரம் கிடக்கும். குளிர் மிகக் கடுமையாகி உறைநிலைக்குப் பல பாகை கீழே போய்விட்டால் உப்பின் வீரியமும் குறைந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. குளிர்காலத்தில் இங்கே சூரியன் தாழ்வாகவே நகர்கிறது. வரிசை வீடுகளின் நிழல் விழும் பக்கத்தில் நாள் முழுவதும் வெயில் படாது. பகலில் சற்றே உருகும் பனி, அந்தி சாய்ந்ததும் கண்ணாடி போல மறுபடி உறைந்துவிடும். தார்ச்சாலையின் கறுப்பே அதனூடே தெரிவதால் பார்த்தால் ஈரத்தரை போலத்தான் இருக்கும். பெரும்பாலான சறுக்கல்கள் கொட்டிக் கிடக்கும் வெள்ளைப் பனியைவிட இந்தக் கண்ணுக்குத் தெரியாத பனியினால்தான் நேர்கின்றன.

26 டன் எடையுள்ள வண்டி

நிறைந்த நிலையில் ஒரு சாதாரணக் குப்பை வண்டியின் எடை 26 டன் வரை இருக்கும். நாம் ஓட்டும் காரின் எடை ஒன்றரை டன் அளவுதான். கார் சறுக்கினால் பிரேக்கை விட்டு, திருப்பி, எப்படியோ நிறுத்திவிடலாம். 26 டன் சறுக்கத் தொடங்கினால் அதை நிறுத்த யாராலும் முடியாது. இரண்டு பக்கமும் கார்கள் நிற்கும் குறுகிய தெரு, மறுபக்கம் வழியில்லாத முட்டுச் சந்து, சரிவான முனை ஆகிய இடங்களில் இந்த வண்டி பின்னோக்கி வர வேண்டியிருக்கும். அப்போது தொட்டிகளை இழுத்துக்கொண்டு தொழிலாளர்கள் அதன் அருகிலேயே நடந்துகொண்டிருப்பார்கள்.

குப்பை, மறுசுழற்சித் தொழில் இந்த நாட்டில் ஆபத்து மிகுந்த தொழில்களில் ஒன்று. வேலையிடத்தில் உயிரிழப்போரின் விகிதம் இத்தொழிலில் மற்றத் தொழில்களின் சராசரியைவிடப் பல மடங்கு அதிகம். வண்டி மோதி இறப்பது அதில் முக்கியமான காரணம். தம்மிடம் வேலை செய்வோரையும், அந்த வேலையால் பாதிக்கப்படக்கூடிய பொதுமக்களையும் ஆபத்திலிருந்து காப்பது முதலாளியின் கடமை என்று 1974ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. எனவே தெருமுனை வரை வந்து பார்த்துவிட்டு, "இதற்குள் போக முடியாது" என்று ஓட்டுநர் திரும்பிப் போவதை நாம் அலட்சியம் என்று சொல்லக் கூடாது. அது அவர் எடுக்க வேண்டிய முடிவு.

மாடிக் குடியிருப்புகளில் நிலைமை இன்னும் சிக்கலானது. அங்கே இருக்கும் பெரிய பொதுத் தொட்டி 1,100 லிட்டர் கொள்ளும். நிறைந்திருக்கும்போது அதைத் தொட்டி அறையிலிருந்து வண்டி வரை தள்ளிவர இரண்டு ஆட்கள் வேண்டும். இடையில் பத்தடி தூரம் பனிக்கட்டி இருந்தாலும் தொட்டி அவர்கள் கையைவிட்டுப் போய்விடும். சாலை சுத்தமாக இருந்தும் சில கட்டடங்களின் குப்பையை எடுக்காமல் போவதற்கு இதுவே காரணம்.

வண்டிகள் வெளியே போகாத நாளில் தொழிலாளர்கள் சும்மா இருக்கிறார்கள் என்றும் எண்ண வேண்டாம். பல கவுன்சில்களில் அவர்களையே மண்வெட்டியோடு கடைத்தெரு, பள்ளிக்கூட வாசல், மருத்துவமனைப் பாதை ஆகியவற்றைச் சுத்தம் செய்ய அனுப்புகிறார்கள்.

ஒரு நாள் தவறினால் ஏன் இரண்டு வாரம் ஆகிறது?

"திங்கட்கிழமை பனி, சரி. செவ்வாய்க்கிழமை வெயில் அடித்ததே, அன்று வந்திருக்கலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. செவ்வாய்க்கிழமை அந்த வண்டிக்கு வேறு தெருக்களில் வேலை இருக்கிறது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான வீடுகள் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கும். விடுபட்ட தெருக்களுக்கென்று தனியாக நிறுத்தி வைத்த வண்டி இருப்பதில்லை.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு வண்டி சுமார் 10 டன் குப்பையைத்தான் ஏற்றிக்கொள்ள முடியும். ஒரு வாரம் விடுபட்டால் அடுத்த வாரம் ஒவ்வொரு வாசலிலும் இரண்டு மடங்கு குப்பை இருக்கும். வழக்கமாக முடிக்கும் தெருக்களில் பாதியிலேயே வண்டி நிறைந்துவிடும். அதைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வர வேண்டும். அந்தப் பயணத்தில் நேரம் போய்விடும். அதற்குள் குளிர்காலப் பொழுதும் சாய்ந்துவிடும். அதனால்தான் பல கவுன்சில்கள் சனிக்கிழமையும் வேலை செய்கின்றன. தோட்டக் கழிவை நிறுத்திவிட்டு, உணவுக் கழிவுக்கும் பொதுக் குப்பைக்கும் முதலிடம் தருவதும் வழக்கம்.

நீண்டகாலம் இங்கே வசிப்போருக்கு நினைவிருக்கும். 2009 பிப்ரவரி 2 அன்று கொட்டிய பனியில் லண்டன் பஸ்கள் எல்லாமே நிறுத்தப்பட்டன. 2010 டிசம்பர், 1910இல் தொடங்கிய தேசியப் பதிவுகளிலேயே மிகக் குளிரான டிசம்பராக இருந்தது. அந்தப் பனிக்குப் பின்னாலேயே கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறைகளும் வந்ததால் நாட்டின் பல ஊர்களில் வாரக்கணக்கில் குப்பை தேங்கியது. 2018இல் பிப்ரவரி இறுதியிலும் மார்ச் தொடக்கத்திலும் கிழக்கிலிருந்து வீசிய கடுங்குளிரிலும் இதே நிலைதான். இப்படிப்பட்ட குளிர் ஆண்டுதோறும் வருவதில்லை. அதனாலேயே வரும்போது நாம் ஆயத்தமில்லாமல் இருக்கிறோம்.

கவுன்சில் வரி பற்றியும் ஒரு சொல். அது குப்பைக்காக மட்டும் கட்டும் கட்டணம் அல்ல. முதியோர் பராமரிப்பு, நூலகம், தெருவிளக்கு, சாலை என்று பலவற்றுக்கும் சேர்ந்த பொது வரி அது. ஆனால் பனி உருகி, மற்றத் தெருக்களுக்கெல்லாம் வண்டி வந்து, நம் தெரு மட்டும் விடுபட்டிருந்தால் கவுன்சிலிடம் முறையிடும் உரிமை நமக்கு இருக்கிறது. அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். தெருவின் பெயர், எந்த நாள், எந்தத் தொட்டி என்ற மூன்றையும் தெளிவாகச் சொன்னால் வேலை விரைவில் நடக்கும்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியவை

முதலாவது, தொட்டியில் ஈரம் சேர விடாதீர்கள். ஆணம், சாறு, தேயிலைச் சக்கை எதுவானாலும் நன்றாக வடித்துவிட்டுத் தாளில் சுற்றிப் போடுங்கள். ஈரக் குப்பை தொட்டியின் அடியில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். வண்டி தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினாலும் விழாது. பாதிக் குப்பை அப்படியே திரும்பி வரும். தொட்டியின் அடியில் சில பழைய செய்தித்தாள்களையோ அட்டையையோ விரித்து வைத்தால் ஒட்டாது.

இரண்டாவது, மீன் தலை, இறால் ஓடு, இறைச்சி எலும்பு போன்றவற்றை ஒரு பையில் கட்டி ஃப்ரீஸரில் ஒரு மூலையில் வையுங்கள். வண்டி வரும் நாள் காலையில் எடுத்து வெளியே வைக்கலாம். உறைகுளிர் இருக்கும் வரை வெளியே உள்ள குப்பை அவ்வளவாக அழுகாது. குளிர் விட்டதும்தான் நாற்றம் எழும். ஆனால் நரிக்கும் எலிக்கும் பனியிலும் பசிக்கும். மீன் வாடை பட்டால் இரவோடு இரவாகப் பையைக் கிழித்துத் தெரு முழுக்க இறைத்துவிடும்.

மூன்றாவது, அட்டைப் பெட்டிகளைப் பிரித்து மடித்து, நனையாத இடத்தில் வீட்டுக்குள்ளேயே வையுங்கள். அவை கெடாது, நாறாது. நனைந்த அட்டை தொட்டியில் உறைந்து பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். நாப்பிகளை இரட்டைப் பையில் கட்டுங்கள்.

நான்காவது, தொட்டியை வெளியே வைப்பதற்கு முன் உங்கள் கவுன்சிலின் அறிவிப்பைப் பாருங்கள். விடுபட்ட தொட்டியை அப்படியே வெளியே விட்டு வைக்கச் சொல்லும் கவுன்சிலும் உண்டு. உள்ளே எடுத்துவிட்டு அடுத்த முறை வைக்கச் சொல்லும் கவுன்சிலும் உண்டு. தொட்டியில் அடங்காத பைகளைப் பக்கத்தில் வைத்தால் எடுத்துக்கொள்வார்களா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். எங்கே வைத்தாலும் நடைபாதையை அடைக்காமல் உங்கள் வாசல் எல்லையோடு ஒட்டி வையுங்கள். தொட்டி நடைபாதையில் நின்றால் தள்ளுவண்டியோடு வரும் தாயும் சக்கர நாற்காலியில் வருபவரும் பனி படர்ந்த சாலையில் இறங்கித்தான் போக வேண்டியிருக்கும்.

செய்யக் கூடாதவை

தொட்டி நிறைந்துவிட்டது என்பதற்காகப் பைகளைத் தெருமுனையிலோ, பூங்கா ஓரத்திலோ, பள்ளிவாசல் சுவரோரத்திலோ வைத்துவிட்டு வருவது சட்டப்படி குற்றம். இங்கிலாந்தில் இதற்கு வழக்கில்லாமல் நேரடியாக விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சவரம்பு 2023 ஜூலையில் 400 பவுனிலிருந்து 1,000 பவுனாக உயர்த்தப்பட்டது. பைக்குள் கிடக்கும் ஒரு கடித உறையிலிருந்தே வீட்டு முகவரியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அபராதத்தைவிடப் பெரியது, மனிதர் நடக்கும் வழியில் தொல்லையைக் கொண்டுபோய்ப் போட்டோம் என்ற பழி.

இது போன்ற நாட்களில் வேனில் வந்து, "இருபது பவுன் கொடுங்கள், எல்லாவற்றையும் எடுத்துப் போகிறேன்" என்று கதவைத் தட்டுபவர்களும் உண்டு. கவனமாக இருங்கள். குப்பையை எடுத்துச் செல்பவர் அதற்கென்று பதிவு பெற்றவரா என்று பார்ப்பது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. அந்தப் பதிவேட்டைச் சுற்றுச்சூழல் முகமையிடம் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பதிவில்லாதவரிடம் கொடுத்து, அவர் அதை ஏதோ ஒரு சந்தில் கொட்டிவிட்டால் நமக்கும் 600 பவுன் வரை அபராதம் வரலாம். எனவே ஆளின் பெயர், நிறுவனத்தின் பெயர், வண்டி எண் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்; ரசீதும் வாங்குங்கள். இவற்றைத் தர மறுப்பவரிடம் ஒரு பையைக்கூடக் கொடுக்காதீர்கள்.

உணவுத் தொட்டி நிறைந்துவிட்டதே என்று எண்ணெயையும் ஆணத்தையும் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். குளிரில் கொழுப்பு குழாயிலேயே கட்டியாகிவிடும். 2017 செப்டம்பரில் கிழக்கு லண்டனின் வைட்சாப்பலில், தெருவுக்கடியில் ஓடும் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்குக் கொழுப்பும் ஈரத்துடைப்பான்களும் சேர்ந்து இறுகி அடைத்திருந்தன. அதன் எடை 130 டன். பல ஆயிரம் சமையலறைகளிலிருந்து சிறிது சிறிதாகப் போனதுதான் அவ்வளவு சேர்ந்தது. மீந்த எண்ணெயை ஆறவிட்டு ஒரு பழைய போத்தலில் ஊற்றி மூடி வையுங்கள். பனி போனபின் கவுன்சிலின் மறுசுழற்சி நிலையத்தில் கொடுத்துவிடலாம். குப்பையைத் தோட்டத்தில் போட்டு எரிக்கவும் வேண்டாம். அந்தப் புகை போவது பக்கத்து வீட்டு ஆஸ்துமா நோயாளியின் நெஞ்சுக்குள்தான்.

வாசலும் நடைபாதையும்

"நம் வாசலுக்கு முன்னால் உள்ள நடைபாதையைச் சுத்தம் செய்தால், பிறகு யாராவது விழுந்துவிட்டால் நம்மேல் வழக்கு வரும்" என்ற பயம் நம்மவர்களிடம் பரவலாக இருக்கிறது. அரசு இதுபற்றித் தெளிவாகவே அறிவுரை வெளியிட்டிருக்கிறது. கவனத்தோடு சுத்தம் செய்தவர்மேல் வழக்கு வருவதற்கு வாய்ப்பு குறைவு என்பதே அதன் சாரம். ஆகவே பயப்பட வேண்டாம். ஆனால் செய்யும் முறையை அறிந்து செய்ய வேண்டும்.

பனி விழுந்ததும், ஆட்கள் மிதித்து இறுகுவதற்கு முன், காலையிலேயே அள்ளிவிடுங்கள். முதலில் நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை எடுத்து, அதிலிருந்து இரு பக்கமும் அகலப்படுத்துங்கள். அள்ளிய பனியைப் பக்கத்து வீட்டு வாசலிலோ சாக்கடைக் கம்பியின் மேலோ குவிக்காதீர்கள். கொதிநீர் ஊற்றவே கூடாது. அது சிறிது நேரத்தில் உறைந்து, முன்னிருந்ததைவிட மோசமாகச் சறுக்கும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு போதும். சமையல் உப்பே போதுமானது. படிக்கட்டில் சற்றுக் கூடுதலாகப் போடலாம். செடி கொடிகள்மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உப்பு இல்லையென்றால் மணல் தூவுங்கள். பனி உருகாது, ஆனால் காலுக்குப் பிடிப்பு கிடைக்கும். தெருமுனையில் மஞ்சள் பெட்டியில் கவுன்சில் வைத்திருக்கும் உப்பு பொதுச் சாலைக்கானது. அதை நம் வீட்டுக்குள் அள்ளிவரக் கூடாது.

மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் தொட்டி அறையிலிருந்து சாலை வரை உள்ள பாதையில் உப்புத் தூவி வைத்தாலே குப்பை எடுக்கப்படும் வாய்ப்பு கூடும். பத்து வீட்டுக்காரர்களில் இருவர் கால் மணி நேரம் செலவிட்டால் போதும்.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் மத்ரஸாவில் முள்ளையும் கல்லையும் உதாரணமாக வைத்து இதைப் படிக்கிறார்கள். இந்த ஊரில் அந்த முள் பனிக்கட்டிதான்.

தனியாக இருப்பவர்கள்

முதியோர், நோயாளிகள், உடல் ஊனமுற்றோர் ஆகியோரின் தொட்டியைப் பணியாளர்களே வாசலிலிருந்து எடுத்துச் சென்று, காலி செய்து, திரும்ப வைக்கும் ஏற்பாடு கவுன்சில்களில் இருக்கிறது. வீட்டில் தொட்டியை இழுக்க வேறு ஆள் இல்லை என்றால் விண்ணப்பிக்கலாம். நம் மூத்தவர்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும், "நமக்கு எதற்கு, பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று கேட்பதில்லை. பிள்ளைகளோ வேறு ஊரில் இருப்பார்கள். எழுபது வயதில் உறைந்த தரையில் தொட்டியை இழுத்துச் சறுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தால் பழையபடி நடமாடுவது எளிதல்ல. விண்ணப்பப் படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள், நாங்கள் நிரப்பித் தருகிறோம்.

அந்த ஏற்பாடு உள்ள வீட்டிலும் வாசல் பாதை உறைந்திருந்தால் பணியாளர் உள்ளே வர முடியாது. அங்கேதான் அண்டை வீட்டாரின் பங்கு வருகிறது. உங்கள் தொட்டியை வெளியே வைக்கும்போது பக்கத்து வீட்டுத் தொட்டியையும் இழுத்து வையுங்கள். உங்கள் தொட்டியில் இடம் இருந்தால் அவர்களுடைய பையையும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்காமல் அடுத்தவர் தொட்டியில் போடுவது சச்சரவு. கேட்டுக் கொடுப்பது உறவு. அண்டை வீட்டார் முஸ்லிமா, கிறிஸ்தவரா, இந்துவா, எந்த மதமும் இல்லாதவரா என்று இதில் பார்க்க வேண்டியதில்லை. அண்டை வீட்டாரின் உரிமையில் அந்தப் பிரிவினை இல்லை.

எடுத்துச் செல்பவர்கள்

பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கிவந்த ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்கள் காலத்தில் இருந்தார். அவர் இறந்ததை மக்கள் பெரிதாக எண்ணாமல், நபியவர்களுக்குத் தெரிவிக்காமலே அடக்கம் செய்துவிட்டார்கள். அவரைக் காணவில்லையே என்று நபியவர்கள் விசாரித்து, செய்தி அறிந்து, தமக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டு, அவருடைய கப்றுக்கே சென்று தொழுதார்கள். துப்புரவு செய்பவரை நாம் எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பதற்கு இந்தச் செய்தி போதும்.

ஒரு வாரம் தாமதமாக வண்டி வரும்போது வாசலில் நின்று வாக்குவாதம் செய்யாதீர்கள். தாமதத்தை முடிவு செய்தவர் அவர் அல்ல. அதைச் சரிசெய்ய இரண்டு மடங்கு பாரத்தைத் தூக்குபவர் அவர். உடைந்த கண்ணாடியைத் தடித்த தாளில் சுற்றி, வெளியே எழுதி ஒட்டுங்கள். பேட்டரிகளைக் குப்பையில் போடாதீர்கள். நசுங்கினால் வண்டிக்குள் தீப்பிடிக்கும். பைகளைத் தூக்க முடியாத பாரமாகக் கட்டாதீர்கள்.

வரப்போகும் ரமளான்கள்

இந்த விஷயத்தை இப்போதே எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரமளான் ஆண்டுதோறும் பத்து, பதினோரு நாட்கள் முன்னால் நகர்ந்து வருவதை அறிவீர்கள். பிறை பார்ப்பதில் ஓரிரு நாள் கூடக்குறைய இருக்கலாம். கணக்குப்படி 2028இல் ஜனவரி இறுதியிலும் 2029இல் ஜனவரி நடுவிலும் நோன்பு தொடங்கும். 2030இல் ஜனவரி தொடக்கத்தில் ஒருமுறை, டிசம்பர் இறுதியில் மறுமுறை என்று இரண்டு ரமளான்கள் ஒரே ஆண்டில் வருகின்றன. கடுங்குளிரும், விடுமுறைக் காலக் குப்பைத் தாமதமும், நம் வீடுகளில் சமையல் அதிகமாகும் மாதமும் ஒன்றாகச் சேரும் காலம் அது.

நோன்புக் கஞ்சிக் கிண்ணம், இஃப்தார் பெட்டி, பேரீத்தம்பழக் கொட்டை, மீந்த சோறு என்று பள்ளிவாசலிலும் வீட்டிலும் கழிவு பெருகும் மாதத்தில் ஒரு வாரம் வண்டி வராவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். உண்ணும் அளவுக்குச் சமைப்பதும், மீந்ததை அன்றே பகிர்ந்து கொடுப்பதும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் தட்டுகளைக் குறைப்பதும் எப்போதும் நல்லவைதான். அந்த மாதங்களில் அவை அவசியமாகிவிடும்.

இப்போதே செய்ய வேண்டியவை

நவம்பர் முடிவதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் மூன்று காரியங்களைச் செய்துவிடுங்கள். ஒரு மண்வெட்டியும் ஐந்து கிலோ உப்பும் வாங்கிக் கதவருகே வையுங்கள். உங்கள் கவுன்சிலின் விடுமுறைக்கால நாட்காட்டியை எடுத்துச் சமையலறையில் ஒட்டுங்கள். மாற்றங்களை மின்னஞ்சலில் அறிவிக்கும் வசதி இருந்தால் பதிவு செய்யுங்கள். உங்கள் வரிசையில் தனியாக வசிப்பவர் யார் என்று அறிந்து, பனி நாளில் அவர் கதவைத் தட்டப்போவது யார் என்று வீட்டிலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

ஒவ்வொரு தெருவிலிருந்தும் இரண்டு இளைஞர்கள் முன்வந்தால் முதியோர் வீடுகளின் வாசலைச் சுத்தம் செய்ய ஒரு பட்டியல் போட்டு வைக்க எண்ணியிருக்கிறோம். பெயர் கொடுக்க விரும்புவோர் ஜும்ஆவுக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்தில் தெரிவிக்கவும். உதவி தேவைப்படும் பெரியவர்களின் பெயரையும் அப்போதே தரலாம். பட்டியலை வெளியே யாருக்கும் காட்ட மாட்டோம்.

அல்லாஹ் இந்தக் குளிர்காலத்தை நம் அனைவருக்கும், நம் தெருக்களில் உழைப்பவர்களுக்கும் பாதுகாப்பானதாக ஆக்கி வைப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.